பதினொரு மாதச் சம்பளம்

பட்டர் அரைக் கிலோ.
விலை சொல்லமாட்டேன்.
"மாஜரின் காணாதோ?" என்றேன்.
"மாஜரினெண்டால் நான் செய்யேல்லை"
சாரத்தை மடித்துக் கட்டினார் எமிலியானுஸ்.

பெரிய சனிக்கிழமை.
குருநகர் ஐந்து மாடியில் மூன்றாம் மாடி.
தவணைக்கு எடுத்த சின்ன ஒவன்
மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

சீனியோடு பட்டரை அடிக்கிறார்,
மஞ்சள் வெளிறி
வெள்ளை வரும்வரைக்கும்.
நான்கு மஞ்சட்கரு.
தோடம்பழத்தின் பச்சைத் தோலைச் சுரண்டி,
சாற்றையும் பிழிந்து,
பனஞ்சாராயத்தில்
மாவுக்கு ஒரு மூடி,
பிசைகிறவருக்கு ஒரு மூடி.

பிறகு ஒரு வெள்ளைத் தூள் போத்தல்.
திறந்ததும் மூக்கில் அறைந்தது
ஐஸ் கொம்பனி.
"இதைத் தின்னலாமோ?"
"வெக்கைக்குப் பறந்திடும்."

கூலுராக்கியா.
முதன்முதல் நித்திரையில் அவர் இதைச் சொன்னபோது
யாரோ ஒருத்தியின் பெயரென்று
இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை.

கொழும்பு பஸ்ஸால் விடியப்புறம் இறங்கியவர்
கையில் ஒரு நீல டின்னோடு வந்தார்.
கதவைச் சாத்திவிட்டுத் திறந்தேன்,
காசென்று நினைத்து.
முப்பத்தேழு பிஸ்கற்.
ஒன்று உடைந்திருந்தது.
டின்னை மூடி
அலுமாரிக்கு மேல் எறிந்தேன்.
அதைப் பற்றி அவரும் கதைக்கவில்லை.

இன்று, மாவுத் திரி இரண்டை
கயிறு முறுக்குவதுபோல் முறுக்கும்போது
கையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்.

முதலாளி போனை எடுக்கவில்லையாம்.
துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம்.
கரை தெரியும், வெளிச்சம் தெரியும்,
இறங்க விடமாட்டார்கள்.
அரிசி முடிந்தது. இறைச்சி முடிந்தது.
மிஞ்சியது மாவும் சீனியும் டின் பட்டரும்.
சமையற்காரன் லெவ்தேரி
மாதக் கடைசியில் மேசை போட்டு
ஒவ்வொருவரையும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு
எண்ணிக் கொடுத்து
கையெழுத்து வாங்குவானாம்.
கப்டனுக்குப் பன்னிரண்டு.
எஞ்சின் துடைக்கிற இவருக்கும் பன்னிரண்டு.

"சிரிச்சனீங்களோ?"
"முதல் மாசம் சிரிச்சனாங்கள்."

முட்டை பூசி, எள்ளுத் தூவி,
தட்டை உள்ளே தள்ளி
ஒன்பது நிமிடம் போயிருக்கும்.
கரண்ட் நின்றது.
மேல்மாடியில் எமல்டா அன்ரி
மின்சாரசபையின் ஏழு தலைமுறையையும் விசாரித்தார்.

"கதவைத் திறக்காதை" என்றார் இவர்.
ஒவன் கைபிடியில் கையை வைத்துக்கொண்டு
இருட்டில் இருவரும் குந்தியிருந்தோம்.
அந்தப் பதினொரு மாதமும்
நான் நண்டுக் கொம்பனியில் நின்றதை அப்போது சொன்னேன்.
ஓடு உடைத்து, சதை எடுத்து,
கிலோவுக்கு இவ்வளவென்று.
தாலிக்கொடி வங்கியில் இருப்பதையும்.
விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார்.
வெட்டுக் காயங்களை எண்ணினாரோ என்னவோ.
பட்டர் மணம் மட்டும் வந்துகொண்டிருந்தது,
ஐஸ் கொம்பனி போய்விட்டிருந்தது.

கரண்ட் வந்தது. சூடு ஏறியது.
எடுத்தபோது
பின்வரிசை கறுவல், முன்வரிசை வெளிறல்,
நடுவில் கொஞ்சம்
லெவ்தேரி கண்டாலும் குறை சொல்லமாட்டான்.

மிச்ச மாவில் இவர் போட்டிருந்த ஒரு கப்பல் முடிச்சு,
அதுவும் வெந்திருந்தது.
"எந்தக் காத்துக்கும் அவிழாது" என்றார்.
கடித்தேன்.
வாயில் அவிழ்ந்தது.

அவர் மேசையைத் துடைத்தார்.
கதிரையை இழுத்து அந்தப் பக்கம் இருந்தார்.
நடுவரிசையிலிருந்து பார்த்துப் பார்த்து எடுத்து
பன்னிரண்டை எண்ணித் தட்டில் வைத்து,
தொண்டையைச் செருமி,
கலியாணப் பதிவுக்குப் பிறகு யாருமே கூப்பிடாத பெயரை
முழுதாகக் கூப்பிட்டார்:
"செலஸ்தீனா மடுத்தீன் எமிலியானுஸ்."

"இது எத்தனையாம் மாசத்தின்ரை?"
"முதலாம் மாசம்."
"மிச்சம்?"
"மிச்சம் இருக்கு."

கையெழுத்துக்கு வேறு தாள் இல்லை,
கரண்ட் பில்லின் பின்பக்கம்.
விரலில் இருந்த பட்டர்
தாளில் ஊறி ஊறி
என் பெயர் மறுபக்கமும் தெரிந்தது,
கட்டவேண்டிய தொகைக்குப் பக்கத்தில்.